பனிக்கடலில் ஒரு காமிரா

புகைப்படம் எடுப்பது இன்று எவருக்கும் கைவந்த கலை. சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டினால் படம் வந்துவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னே, ஆட்டம் ஓயாத படகிலும் கப்பலிலும் நின்றுகொண்டு, விரல் விறைக்கும் குளிரில், கனத்த கண்ணாடித் தகடுகளைக் கொண்டு, பெங்குவின்களையும் கடல்நாய்களையும் கூட்டங்கூட்டமாகப் படமெடுத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிராங்க் ஹர்லி. தென்துருவப் பிரயாணங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு மாஸனையும் ஷாக்கில்டனையும் தெரியும். அவ்விருவரின் பிரயாணங்களை நாம் நேரில் கண்டதுபோல் அறிவதற்குக் காரணமானவர் இந்த ஹர்லிதான். அவருடைய வாழ்க்கையில் வீரம் நிறைய உண்டு. விஞ்ஞானம் படிக்கும் நாம் நின்று யோசிக்கவேண்டிய வழக்கு ஒன்றும் உண்டு. இரண்டையும் நண்பர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஹர்லி 1885-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில், ஸிட்னி நகரத்தின் ஒரு பகுதியாகிய கிளீபில் பிறந்தார். தந்தை அச்சுத் தொழிலாளி, தொழிற்சங்கத்தில் ஈடுபட்டவர். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய், லித்கோ என்னும் ஊரில் உருக்கு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியபின், பதினேழாம் வயதில் பதினைந்து ஷில்லிங் விலையில் ஒரு சிறு கோடாக் பெட்டிக் காமிரா வாங்கினார். அதற்குப்பின் அவர் வாழ்க்கையில் காமிரா இல்லாத நாளே இல்லை எனலாம். 1905-ஆம் ஆண்டு ஸிட்னியில் படத் தபால் அட்டை வியாபாரத்தில் பங்காளியானார். அட்டை விற்பனையில் போட்டி கடுமை. மற்றவர்கள் எடுக்கத் துணியாத படங்களை எடுத்தால்தான் பெயர் கிடைக்கும் என்று கண்டுகொண்டார். பாறையில் மோதி வெடிக்கும் அலைக்கு எதிரே போய் நிற்பார். வேகமாக வரும் ரயிலுக்கு நேரே காமிராவை வைப்பார். அபாயத்தைத் தொழிலின் மூலதனமாக்கிக்கொண்ட மனிதர் அவர்.

1911-ஆம் ஆண்டு பூகர்ப்ப விஞ்ஞானி டக்ளஸ் மாஸன் தென்துருவக் கண்டத்துக்கு ஒரு கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் புகைப்படக்காரராக ஹர்லி சேர்ந்தார். டிசம்பர் 2-ஆம் நாள் ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து அரோரா என்ற கப்பல் புறப்பட்டது. வழியில் அவர்கள் இறங்கிய இடம் மக்குவாரித் தீவு. டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், மனிதர் நிலையாகக் குடியிராத நடுக்கடலில் கிடக்கும் தீவு அது. நீளம் 34 கிலோமீட்டர். அகலம் 5 கிலோமீட்டர்தான். மரம் என்று சொல்ல ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால் கரையெங்கும் உயிர்கள். இந்தத் தீவையே தாய்வீடாகக் கொண்ட ராயல் பெங்குவின்கள் லட்சக்கணக்கில் கூடி முட்டையிடும். நான்கு டன் எடை வரையில் வளரும் ஆண் யானைச் சீல்கள் கூழாங்கல் கரையில் மலைபோல் படுத்துக் கிடக்கும்.

அங்கே உள்ள மிருகங்களும் பறவைகளும் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. பெங்குவின்களுக்குப் பகை பெரும்பாலும் தண்ணீரில்தான். சிறுத்தைச் சீலும் கொல்லும் திமிங்கிலமும் கடலில் வேட்டையாடுகின்றன. கரையில் பெரிய ஊனுண்ணி மிருகம் எதுவும் இல்லாதபடியால், கரையில் நிற்கும் பெங்குவினுக்கு மனிதன் வெறும் வேடிக்கைப் பொருள். அப்படியானால் படமெடுப்பது சுலபந்தானே என்று தோன்றும். கஷ்டம் முழுவதும் கடலில் இருக்கிறது. துறைமுகம் கிடையாது. படகில் அலையோடு அலையாகப் போய், கடற்பாசிக் காட்டைத் தாண்டி, கல் கரையில் இறங்கவேண்டும். இறங்க முடியாத நாட்களில் படகிலிருந்தே எடுக்கவேண்டும்.

படகிலிருந்து எடுப்பதில் உள்ள தொல்லையைச் சிறு கணக்கினால் விளக்கலாம். படகு விநாடிக்கு ஐந்து பாகை வீதம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காமிரா லென்ஸின் குவியத்தூரம் 20 சென்டிமீட்டர். அப்போது தகட்டின்மேல் விழும் பிம்பம் விநாடிக்கு ஏறக்குறைய 1.75 சென்டிமீட்டர் நகர்கிறது. பொருள் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் இந்த வேகம் ஒன்றுதான். ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் லென்ஸைத் திறந்துவைத்தால் பிம்பம் 0.7 மில்லிமீட்டர் இழுபடும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும், 90 சென்டிமீட்டர் உயரமுள்ள கிங் பெங்குவின் தகட்டில் 3.6 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தால் பறவை எங்கே, பாறை எங்கே? ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்காகக் குறைத்தால் இழுப்பு 0.035 மில்லிமீட்டர்தான், படம் பிழைக்கும். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்துக்கு வெளிச்சம் போதவேண்டும். அந்தக் கடல்களின் வானமோ பெரும்பாலும் மேகம் மூடியது. அக்காலத்துத் தகடுகளோ மந்தமானவை. ஆகவே படகு ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்து, மறுபக்கம் திரும்புமுன் ஒரு கணம் நிற்கிறதே, ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல, அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கவேண்டும். சலனப்படத்துக்கு இந்த வழியும் இல்லை. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கணம் பார்த்து நிறுத்த முடியாது.

இந்தத் தொழிலில் ஹர்லிக்கு இருந்த பிடிவாதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மக்குவாரித் தீவின் தென்கோடியில் படமெடுத்தபோது ஒரு லென்ஸை மறந்து வைத்துவிட்டார். கப்பல் வடகோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது தெரிந்தது. மேடும் சேறும் நிறைந்த அந்தத் தீவின் குறுக்கே கால்நடையாகத் திரும்பிப்போய் அதை எடுத்துவந்தார்.

அந்த முதற் பிரயாணத்தில் அவர் கண்டது பறவைகளை மட்டும் அன்று. பறவைகளைக் கொன்று எண்ணெய் எடுக்கும் தொழிலையுங்கூடக் கண்டார். நியூஜீலந்து வியாபாரி ஜோஸப் ஹாட்ச் என்பவரின் ஆட்கள் தீவில் பெரிய இரும்புக் கொதிகலங்களை நிறுவி, பெங்குவின்களை அதில் போட்டு நீராவியில் வேகவைத்துக் கொழுப்பை வடித்தார்கள். ஒரு பறவைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எண்ணெய். முதலில் லூஸிடானியா விரிகுடாவில் இருந்த கிங் பெங்குவின்கள் இந்தத் தொழிலுக்கு இரையாயின. பிறகு ராயல் பெங்குவின்களின் முறை வந்தது. மாஸன் பின்னாட்களில் இந்தத் தொழிலை நிறுத்தவேண்டுமென்று இடைவிடாமல் வாதாடினார். 1920-ஆம் ஆண்டு வாக்கில் தொழில் நின்றது. 1933-இல் தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

1914-இல் ஹர்லியை ஷாக்கில்டன் தம் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். எண்டியூரன்ஸ் என்ற அவர்களுடைய கப்பல் டிசம்பர் 5-ஆம் நாள் தென் ஜார்ஜியாத் தீவிலிருந்து புறப்பட்டது. அடுத்த மாதமே வெட்டல் கடலின் பனிப்பாளங்களில் சிக்கிக்கொண்டது. ஒன்பது மாதங்களுக்கு மேல் பனியோடு பனியாக மிதந்தபின், 1915 அக்டோபர் 27-ஆம் நாள், நொறுங்கிக்கொண்டிருந்த கப்பலை விட்டு எல்லோரும் பனியில் இறங்கினார்கள். ஹர்லியின் தகடுகள் கப்பலுக்குள்ளேயே இருந்தன. அந்த அறையில் பனிக்கூழ் நிறைந்துவிட்டது. அவர் திரும்பிப்போய், மரச்சுவரை வெட்டித் திறந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்நீரில் இறங்கி, தகடுகள் வைத்து ஈயம் பற்றவைத்த தகரப் பெட்டிகளை மீட்டார்.

மீட்டதை எல்லாம் சுமக்க முடியுமா? உயிர் பிழைக்க ஒவ்வொரு பவுண்டு எடையும் கணக்குப் பார்க்கவேண்டிய நேரம். ஷாக்கில்டனும் ஹர்லியும் பனியின்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாகப் பார்த்தார்கள். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டார்கள். வேண்டாமென்று முடிவான 400 தகடுகளை அங்கேயே உடைத்துப்போட்டார்கள். உடைக்காமல் விட்டால் பின்னால் மனம் மாறும் என்ற பயம். பெரிய காமிராக்களையும் சலனப்படக் காமிராவையும் விட்டுவிட்டார்கள். ஒரு சிறு பாக்கெட் காமிராவும் மூன்று சுருள் பிலிமும் மட்டும் மிஞ்சின. நவம்பர் 21-ஆம் நாள் கப்பல் மூழ்கியது.

அதன்பின் அவர்கள் உயிர் வாழ்ந்தது எதனால்? படமெடுக்கப் போன அதே மிருகங்களால்தான். கடல்நாயின் இறைச்சி உணவாயிற்று. அதன் கொழுப்பு அடுப்புக்கு விறகாயிற்று. 1916 ஏப்ரலில் பனி உடைந்தபோது மூன்று படகுகளில் ஏறி, ஏழு நாட்கள் கடலோடு போராடி, 15-ஆம் நாள் யானைத் தீவை அடைந்தார்கள். 24-ஆம் நாள் ஷாக்கில்டனும் ஐவரும் ஜேம்ஸ் கெயர்ட் என்ற படகில் உதவி தேடித் தென் ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். எஞ்சிய 22 பேரும் மற்ற இரண்டு படகுகளையும் கவிழ்த்துப்போட்டு அதன்கீழ் குடியிருந்தார்கள். கரைக்கு வரும் பெங்குவின்களை எண்ணிப் பார்த்துத்தான் அவர்கள் தங்கள் ஆயுளைக் கணக்கிட்டார்கள். பறவை வராத நாள் பட்டினிக்கு அருகில் உள்ள நாள். ஹர்லி அந்த மூன்று சுருளில் மிகச் சிக்கனமாகப் படங்கள் எடுத்தார். ஆகஸ்டு 30-ஆம் நாள் சிலி நாட்டின் எல்சோ என்ற சிறு கப்பல் வந்து அத்தனை பேரையும் மீட்டது. ஒருவர்கூட இறக்கவில்லை.

லண்டன் திரும்பிய ஹர்லிக்கு ஒரு பிரச்சினை காத்திருந்தது. பிரயாணத்தின் சலனப்படத்தைக் காட்டித்தான் கடனை அடைக்கவேண்டும். ஆனால் கப்பல் முறிந்ததற்குப்பின் சலனப்படமே இல்லை. ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் பிராணிக் காட்சிகளும் போதவில்லை. ஆகவே 1917-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தனியாகத் தென் ஜார்ஜியாவுக்குத் திரும்பினார். பசியும் குளிரும் நீங்கி ஆறு மாதம்கூட ஆகாத மனிதர், மறுபடியும் அதே கடலுக்குப் போனார்! தென் ஜார்ஜியாவில் மலையும் பனியாறும் கரைவரை இறங்கிவருவதால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போகப் படகுதான் சாலை. யானைச் சீல்களையும் பெங்குவின் கூட்டங்களையும் கூட்டில் அமர்ந்த கடற்பறவைகளையும் அவர் அங்கே எடுத்த காட்சிகள், 1919-இல் வெளிவந்த தெற்கு என்னும் சலனப்படத்தில் சேர்ந்தன. யானைத் தீவில் உணவாக மட்டும் பார்க்கவேண்டியிருந்த உயிர்களை இப்போது வயிறு நிறைந்த மனிதராக அவர் பார்த்தார். தாய் குஞ்சுக்கு ஊட்டுவதையும், ஆண் சீல்கள் மார்போடு மார்பு மோதுவதையும், கூட்டத்துக்குள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடி நிலம் வகுத்துக்கொள்வதையும் பொறுமையோடு படம்பிடித்தார்.

இனி நான் சொன்ன வழக்குக்கு வருகிறேன். யானைத் தீவிலிருந்து ஜேம்ஸ் கெயர்ட் படகு புறப்பட்டபோது, கரையில் நின்றவர்கள் கைவீசி வழியனுப்பினார்கள். அந்தப் படத்தை ஹர்லி எடுத்திருந்தார். நான்கு மாதம் கழித்து மீட்புக் கப்பல் வந்த காட்சி அவரிடம் போதிய சிறப்போடு இல்லை. வழியனுப்பிய படமே திருத்தப்பட்டு, மீட்பு வந்த படம் என்ற பெயரோடு வெளிவந்தது. பிரிவின் துயரில் அசைந்த கைகள் மகிழ்ச்சியில் அசைந்த கைகளாக மாறிவிட்டன. வேறு சில படங்களில் மேகத்தை ஒரு தகட்டிலிருந்தும் நிலத்தை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டினார்.

1917 ஆகஸ்டில் அவர் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வமான புகைப்படக்காரராகப் போர்முனைக்குப் போனார். அங்கே இந்த வழக்கம் பெரிய சச்சரவாயிற்று. போரின் பரப்பை ஒரே தகடு காட்டாது என்பது ஹர்லியின் கட்சி. குண்டு வெடிப்பது ஓரிடம், வீரர் ஓடுவது ஓரிடம், விமானம் பறப்பது வேறோரிடம். நேரில் நிற்பவன் எல்லாவற்றையும் சேர்த்தே உணர்கிறான். ஆகவே பல தகடுகளைச் சேர்த்து ஒரு படமாக்கினால்தான் உண்மை விளங்கும் என்றார். படையின் சரித்திர ஆசிரியர் சார்லஸ் பீன் இதை ஒப்பவில்லை. பின்வரும் தலைமுறைக்கு விட்டுச்செல்லும் சாட்சியத்தில் கலப்படம் கூடாது என்பது அவர் கட்சி. ஹர்லி ராஜிநாமாச் செய்வதாகக் கூறும் அளவுக்கு விவகாரம் முற்றியது. முடிவில், சில படங்களை மட்டும், சேர்ப்புப் படங்கள் என்ற குறிப்போடு காட்சிக்கு வைக்கலாமென்று சமாதானம் ஆயிற்று.

இந்த வழக்கில் நான் பீனின் பக்கம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே நமக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: குறிப்பேட்டில் எழுதிய அளவை அழிக்காதே, தவறென்று கண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு அருகில் எழுது. அழித்த எண் அழகாக இல்லாமல் இருக்கலாம். நாளைக்கு ஒருவன் அதைத் தேடி வருவான். ஆனால் ஹர்லியை வெறும் பொய்யர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. தம் அனுபவம் பிறர் நெஞ்சில் அப்படியே இறங்கவேண்டும் என்ற தாகம் அவருக்கு அளவுக்கு மீறி இருந்தது. அதற்காக உயிரையும் பணயம் வைத்தார். உண்மையையும் சில சமயம் பணயம் வைத்தார். முன்னது அவருடைய சொத்து. பின்னது அவருக்கு மட்டும் சொந்தமானது அன்று.

1929-இல் மாஸன் மீண்டும் அழைத்தார். டிஸ்கவரி என்ற கப்பலில் இரண்டு கோடைகள் தென்கடல்களில் சுற்றினார்கள். குரோஸே, கெர்கெலன், ஹெர்டு ஆகிய தீவுகளை 1929-லும், மக்குவாரித் தீவை 1930 டிசம்பரிலும் கண்டார்கள். ஹெர்டு தீவில் கடல் கொந்தளித்ததால், இறங்கியவர்கள் எண்ணியதைவிடச் சில நாட்கள் கூடுதலாகக் கரையில் தங்கவேண்டி வந்தது. இந்தப் பிரயாணத்தில் ஹர்லி விஞ்ஞானிகளோடு விஞ்ஞானியாக உழைத்தார். இன்ன தீவு, இன்ன நாள், இன்ன பறவை என்ற குறிப்போடு அந்தப் படங்கள் கோஷ்டியின் ஆவணத்தில் சேர்ந்தன. அவற்றிலிருந்து இரண்டு சலனப்படங்களும் தயாராயின.

இந்தச் சாதாரணமான படங்களின் மதிப்பைக் காலந்தான் காட்டியது. 1930-இல் லூஸிடானியா விரிகுடாவில் மூவாயிரத்துச் சொச்சம் கிங் பெங்குவின்களே இருந்தன என்பது பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. 1980-இல் குஞ்சுகளையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் எண்ணினார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு கூட்டம் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டிருக்கிறது. பழைய நிலை எது என்று தெரிந்தால் அல்லவா மீட்சி எவ்வளவு என்று சொல்ல முடியும்? அங்கே ஹர்லி மேகத்தை ஒட்டியிருந்தால் பாதகமில்லை என்று தோன்றலாம். பறவைக் கூட்டத்தை ஒட்டியிருந்தால்? பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். எண்ணுவதற்கு உதவியிராது. எடுத்தவர் உயிரோடு இருந்தவரை படத்தின் அழகு அவருக்குப் புகழ் தந்தது. அவர் போனபின் படம் சாட்சியாகத்தான் நிற்கிறது. எந்தப் படம் எந்தக் கேள்விக்குச் சாட்சியாகும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் உலகப் போரிலும் ஹர்லி மத்தியகிழக்கில் காமிராவோடு இருந்தார். பிறகு தம் நாட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்துப் பல படப் புத்தகங்களை வெளியிட்டார். 1962 ஜனவரி 16-ஆம் நாள், 76-ஆம் வயதில், ஸிட்னியை அடுத்த கொல்லராய் மேட்டில் தம் வீட்டில் காலமானார். அவர் விட்டுப்போன எண்டியூரன்ஸ் கப்பலை 2022 மார்ச்சு 5-ஆம் நாள், 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் பொறித்த பெயர்கூடக் கெடாமல் இருந்தது. உடைக்கப்பட்ட நானூறு தகடுகளும் அந்தக் கடலின் அடியில்தான் எங்கோ கிடக்கும். பிழைத்தவை ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நூல்நிலையங்களில் பத்திரமாக இருக்கின்றன.

மக்குவாரித் தீவின் லூஸிடானியா விரிகுடாவில் அந்தப் பழைய இரும்புக் கொதிகலங்கள் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன. தீவைக் கெடுத்துவந்த முயல், எலி, சுண்டெலிகள் முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று 2014-இல் அறிவித்தார்கள். கொதிகலங்களைச் சுற்றிக் கிங் பெங்குவின்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கிங் பெங்குவினின் குஞ்சு வளர்ந்து கடலுக்குப் போக ஓராண்டுக்கு மேல் ஆகுமாதலால், அந்தக் கரை எந்த மாதத்திலும் வெறிச்சோடுவதில்லை. இப்போதும் கப்பல்களிலும் படகுகளிலும் போய் ஜனங்கள் அவற்றைப் படமெடுக்கிறார்கள். நம் நண்பர்களில் யாருக்கேனும் அந்த வாய்ப்பு வந்தால், அல்லது அவ்வளவு தூரம் போகாமல் நம் கடற்கரையிலேயே ஒரு பறவைக் கூட்டத்தைப் படமெடுக்க நேர்ந்தால், நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள். எடுத்ததை எடுத்தபடியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து எண்ண வருகிறவனுக்கு அது பயன்படும்.